தொழுவத்து எரிவாயு ஏன் தழைக்கவில்லை?

பொழுது புலருமுன் எழுந்து, ஈரம் காயாத விறகை அடுப்பில் செருகி, ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து நின்ற அன்னையரை நம்மில் நடுவயதைக் கடந்தோர் அனைவரும் கண்டிருக்கின்றோம். சமையலறைச் சுவர் கரி படிந்து கறுத்திருக்கும். பரணில் வைத்த புளிப்பானையும் கறுத்திருக்கும். அதே புகை அந்த அன்னையரின் நெஞ்சுக்குள்ளும் படிந்துகொண்டிருந்தது என்பதை அந்நாளில் எவரும் பெரிதாக எண்ணவில்லை. இருமினால், "புகை குடித்த இருமல்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள்.

1980களின் தொடக்கத்தில் கர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர், இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து குஜராத் சிற்றூர்களுக்குச் சென்று, சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையைக் கருவி கொண்டு அளந்தார். பெருநகரத் தெருக்களின் மாசைப் பற்றியே உலகம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாசினும் பன்மடங்கு கொடியது நாட்டுப்புற அடுப்படியில் இருக்கிறது என்பதை அவ்வளவை காட்டியது. பிற்காலத்தில் சென்னை இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சமையலறைகளிலும் இத்தகைய அளவைகளை மேற்கொண்டனர். 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப்புகையால் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு.

மாற்று எரிபொருள் என்றவுடன் கதிரவன் ஒளியும் காற்றாலையும் கரும்புச் சாராயமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர். நாம் ஈண்டு பேச விழைவது அவற்றினும் எளியதோர் எரிபொருளைப் பற்றியே. அது நம் தொழுவத்திலேயே கிடப்பது, விலை கொடுத்து வாங்க வேண்டாதது, புகையற்றது, எரிந்தபின் உரத்தையும் மீதம் வைப்பது. இத்தனை நலன்களும் ஒருங்கே அமைந்த சாண எரிவாயு, அறிமுகமாகி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஏன் வீட்டுக்கு வீடு எரியவில்லை? இவ்வினா நம்மை நெடுநாளாக உறுத்தி வருகிறது.

குழிக்குள் நடப்பது என்ன?

காற்றுப் புகாத ஒரு கலத்தில் சாணத்தையும் அதே அளவு நீரையும் கரைத்து ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதனைச் செரிக்கத் தொடங்குகின்றன. ஒருவகை நுண்ணுயிர் அதனை உடைத்து அமிலமாக்குகிறது. மற்றொருவகை அவ்வமிலத்தை உண்டு மீத்தேன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. வெளிவரும் வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 60 பங்கு மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. எரியும்போது நீலச்சுடர், கரியில்லை, சாம்பலில்லை. இச்செரிமானம் வெம்மையில் விரைவாகவும் குளிரில் மெதுவாகவும் நடைபெறும். எனவேதான் இமயச்சாரலில் ஏறத்தாழ 55 நாள் கலத்தில் கிடக்க வேண்டிய சாணம், நம் தென்னாட்டு வெயிலில் ஏறத்தாழ 30 நாளில் தன் வேலையை முடித்துவிடுகிறது. மாட்டின் வயிற்றில் நடப்பதே குழியிலும் நடக்கிறது என்று பாமரர்க்கு எடுத்துச் சொல்வதுண்டு. அது பெரும்பாலும் சரியே.

இது புதிய கண்டுபிடிப்பன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயர் இல்லத்தில் கழிவுநீரிலிருந்து பெற்ற வாயு விளக்கெரிக்கப் பயன்பட்டது. ஊரார் ஒதுக்கிவைத்தவர்களின் இல்லத்தில்தான் இந்நாட்டில் இச்சுடர் முதன்முதல் ஏற்றப்பட்டவற்றுள் ஒன்று ஏற்றப்பட்டது என்பது நம்மைச் சற்றே நின்று எண்ண வைக்கிறது. 1950களில் ஜஷ்பாய் பட்டேல் என்பார் இரும்புத் தொட்டி மிதக்கும் கலத்தை உருவாக்கி 'கிராமலட்சுமி' எனப் பெயரிட்டார். கதர் கிராமத் தொழில் ஆணையம் அதனை ஏற்று 1960களில் பரப்பத் தொடங்கியது. 1973இல் பெட்ரோலிய விலை சில திங்களுக்குள் நான்கு மடங்காக உயர்ந்தபோதுதான் நாட்டின் கண் சாணத்தின்மேல் திரும்பியது. 1981-82இல் நடுவணரசு தேசியத் திட்டம் ஒன்றையே வகுத்தது.

இரும்புத் தொட்டியின் பெருங்குறை துரு. வாயுவில் சிறிதளவு கலந்திருக்கும் கந்தகக் கூறும் ஈரமும் சேர்ந்து அதனை அரித்துவிடும். எம் உறவினர் வீட்டுக் கொல்லையில் இருந்த தொட்டி பத்தாண்டு முடியுமுன்னே சல்லடையாகிவிட்டது. ஆண்டுதோறும் தார் பூச வேண்டுமென்று அமைத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பூச மறந்தது வீட்டாரின் பிழையே. ஆயினும், தொட்டியின் விலைதான் கலத்தின் செலவில் பெரும்பங்கு என்பதால், மறுதொட்டி வாங்க ஒருவரும் முன்வரவில்லை. இக்குறையை நீக்கவே உத்தரப் பிரதேசத்து அஜித்மல் ஆய்வு நிலையம் 1978இல் 'ஜனதா' என்னும் செங்கல் குவிமாடக் கலத்தை வெளியிட்டது. பின்னர் 1984இல் 'தீனபந்து' வந்தது. ஏழைத் தோழன் என்பது அப்பெயரின் பொருள். கிறிஸ்தவ சபைகள் ஒன்றிணைந்து 1966இல் தொடங்கிய 'அப்ரோ' என்னும் அமைப்பு வடிவமைத்தது இது. இரும்பே வேண்டாம், செங்கல், சிமெண்டு, நல்ல கொத்தனார் இருந்தால் போதும்.

ஆனால் அந்த 'நல்ல கொத்தனார்' என்னும் சொல்லில்தான் அடுத்த இடர் ஒளிந்திருந்தது. குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் வாயு கசிந்துவிடும். வீடு கட்டும் கைக்கும் வாயு கசியாத மாடம் கட்டும் கைக்கும் வேறுபாடு உண்டு. இலக்கை எட்ட வேண்டுமென்ற அவசரத்தில் ஆண்டிறுதியில் அள்ளித் தெளித்தாற்போல் கட்டப்பட்ட கலங்கள் பல, மானியம் பெற்ற கையோடு மூச்சை நிறுத்தின. இந்நாள்வரை நாட்டில் ஏறத்தாழ 50 இலட்சம் வீட்டுக் கலங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கோடியே 20 இலட்சம் அமைக்க இடமுண்டு என்பது அரசு கணித்த அளவு. அமைக்கப்பட்டவை அனைத்தும் எரிகின்றன என்று அதற்குப் பொருளன்று.

ஐந்து மாடு உடையோர் எத்தனை பேர்?

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஏனெனில் உணர்ச்சியால் எரியாதது கணக்கால்தான் விளங்கும். ஒரு கிலோ பசுஞ்சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். ஐந்தாறு பேருள்ள குடும்பத்திற்குச் சமைக்க இரண்டு கன மீட்டர்க் கலம் தேவை. அதற்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் வேண்டும். ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ போடுவதாகக் கொண்டால் ஐந்து மாடுகள். மேய்ச்சலுக்குப் போகும் மாடாயின் பாதிச் சாணம் மேய்ச்சல் நிலத்திலேயே போய்விடும். அத்துடன் 50 லிட்டர் நீர். கோடையில் குடிநீருக்கே இரண்டு கல் நடக்கும் ஊரில், சாணம் கரைக்கக் குடம் தூக்குவது யார்?

ஐந்து மாடும் கிணறும் கொல்லையில் இடமும் உடையவர் ஊரில் எத்தனை பேர்? அவர் பெரும்பாலும் விறகை விலைக்கு வாங்கக் கூடியவர். சுள்ளி பொறுக்கி எரிக்கும் குடும்பத்திற்கு ஒரு பசுவும் இரண்டு ஆடுகளும் இருந்தால் பெரிது. ஆகவே புகையால் மிகுதியாக வருந்துவோருக்கே இவ்வாயு எட்டவில்லை.

எட்டாதது மட்டுமா? இதில் ஓர் அநீதியும் நேர்ந்தது. முன்னெல்லாம் வழியில் கிடக்கும் சாணம் பொதுவுடைமை. கூடையுடன் மாட்டின் பின்னே நடக்கும் ஏழைப் பெண்ணுக்கு அது வறட்டியாகி, வறட்டி கஞ்சியாகும். பண்ணையாரின் தொழுவத்தைக் கூட்டிப் பெருக்குபவளுக்கு இரண்டு கூடைச் சாணம் கூலியோடு கூடுதலாகக் கிடைக்கும். எரிவாயுக் கலம் வந்தபின் சாணத்திற்கு மதிப்பு வந்தது. மதிப்பு வந்தவுடன் உரிமையாளரும் வந்தார். நன்மைக்காக வந்த ஒன்று, நிலமற்ற குடும்பத்தின் அடுப்பிலிருந்து கடைசி வறட்டியையும் பறித்துவிடும் என்று 1970களிலேயே அறிஞர் சிலர் எச்சரித்தனர். அவர்கள் எச்சரித்தது வெறும் கற்பனையன்று.

பூராவின் கதை

இவ்விடரை ஊர்ப்பொதுக் கலம் தீர்க்கும் என்று நம்பியவர்களுள் ஒருவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் அமுல்ய ரெட்டி. மின்வேதியியல் வல்லுநரான அவர், 1974இல் அக்கழகத்திலேயே சிற்றூர்த் தேவைக்கான தொழில்நுட்பப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் பூரா என்னும் சிற்றூரை அவர்கள் ஆய்வுக்குத் தேர்ந்தனர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் வாழும் ஊர். அங்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது, எதில் செலவாகிறது, விறகுக்கும் நீருக்கும் பெண்களும் சிறுவரும் எத்தனை மணி நேரம் நடக்கின்றனர் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தனர். எல்லா மாட்டின் சாணத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பெருங்கலத்தில் இட்டு, எல்லா வீட்டுக்கும் குழாய்வழி வாயு வழங்கிவிடலாம் என்பது திட்டம். மாடு உடையவன், மாடு அற்றவன் என்ற வேற்றுமையே அடுப்படியில் இராது.

1980களின் தொடக்கத்தில் கலங்கள் இயங்கின; வாயு போதவில்லை. சாணம் தருவோர் ஆர்வமும் நாளடைவில் குன்றியது. காரணத்தை ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. சுற்றுப்புறத்தில் விறகு காசின்றிக் கிடைத்தது. அதனைச் சுமந்து வருபவர்கள் பெண்கள். ஊரவையில் முடிவெடுப்பவர்கள் ஆண்கள். சமையல் வாயுவைத் தம் முதல் தேவையாக அவ்வூர் கருதவில்லை. அவ்வூருக்கு வேண்டியிருந்தது நல்ல குடிநீரும் வீட்டு விளக்கும். அறிஞர்கள் ஊரைக் கேட்டார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டியதைப் பிறகுதான் கேட்டார்கள். தம் பிழையை மறைக்காமல் எழுதிவைத்தது அவர்தம் பெருமை.

1987இல் திட்டத்தைத் திருப்பி அமைத்தனர். வாயுவை அடுப்புக்கு அனுப்பாமல் டீசல் எந்திரத்திற்கு அனுப்பினர். இவ்வாயுவால் மட்டும் டீசல் எந்திரம் ஓடாது. தீப்பற்றுவதற்குச் சிறிது டீசல் வேண்டும். எஞ்சிய பெரும்பங்கை வாயு ஏற்கும். ஐந்து கிலோவாட் அளவுள்ள சிறு மின்னாக்கி ஓடியது. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் மேல்தொட்டிக்கு ஏறித் தெருக்குழாயில் வந்தது. மாலையில் வீடுகளில் குழல்விளக்குகள் எரிந்தன. காலையில் பெண்களும் சிறுவரும் கூடையில் சாணம் கொணர்ந்து நிறுத்துப் போடுவார்கள். கிலோவுக்கு இரண்டு காசு கூலி. செரித்த சாணம் அவரவர் கொடுத்த அளவுக்கு ஏற்ப எருவாகத் திரும்பக் கிடைக்கும். கலத்தை இயக்கியவர்கள் அவ்வூர் இளைஞரே. கட்டணம் பெற்றதும் கணக்குப் பார்த்ததும் ஊர்ச்சபையே. பெருநிறுவன மின்சாரம் மங்கித் துடிக்கும் நேரத்தில் பூராவின் விளக்கு நின்று எரிந்தது.

ஆண்டுகள் பல இவ்வாறு நடந்தது. ஆயினும் 1990களைக் கடந்து அது நிலைக்கவில்லை. அரும்பாடுபட்டு நட்டவர்கள் விலகியபின் நீர் ஊற்றுவோர் குறைந்தனர். பூராவைத் தோல்வி என்று எழுதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பத்தாண்டுக் காலம் ஒரு சிற்றூர் தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொண்டது சிறு செயலன்று. ஆனால், ஒவ்வொரு நாளும் ஒருவர் வந்து சாணம் கரைத்தாக வேண்டும் என்னும் பொறுப்பை எந்த எந்திரமும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

உருளையும் குழியும்

இங்கேதான் சிவப்பு எரிவாயு உருளை வெற்றி பெற்றது. 2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தால், மூன்றரை ஆண்டு முடியுமுன்னே எட்டுக் கோடி ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கிடைத்தது. குழியை விட உருளை மேம்பட்டு நிற்பதற்கு இயற்கையே ஒரு காரணம் அமைத்துவிட்டது. உருளையிலுள்ள பெட்ரோலிய வாயு சிறிதளவு அழுத்தத்திலேயே நீர்மமாகிவிடும், ஆகவே 14.2 கிலோவை ஒருவர் தோளில் தூக்கிச் செல்லலாம். மீத்தேனோ சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் நீர்மமாகாது. அதனை விளைந்த இடத்திலேயே எரித்தாக வேண்டும். ஓர் உருளையின் வெம்மைக்கு ஈடாக ஏறத்தாழ 33 கன மீட்டர்ச் சாண வாயு வேண்டும். ஓர் அறையையே நிரப்பிவிடும் அளவு அது.

மருமகளின் பார்வையில் பார்த்தால் வேறொரு காரணமும் உண்டு. உருளை வந்தால் திருகினால் போதும். குழி இருந்தால் விடியலில் கை நிறையச் சாணம். பள்ளி இறுதி வகுப்பு முடித்து மணமாகி வந்த பெண்ணிடம், "உன் மாமியார் செய்தாளே, நீ ஏன் செய்யக் கூடாது?" என்று கேட்பது எளிது. கேட்பவர் ஒரு நாளேனும் கரைத்துப் பார்த்திருப்பாரா என்பது நம் ஐயம். வீட்டின் கழிப்பறையையும் கலத்தோடு இணைத்தால் வாயு கூடும் என்கின்றனர் வல்லுநர், அறிவியல்படி சரியே. ஆனால் அவ்வாயுவில் சமைத்த சோற்றை உண்ண மனம் ஒப்பாதவர்கள் நம் ஊர்களில் இன்றும் மிகுதி.

எனினும் உருளையோடு கதை முடிந்துவிடவில்லை. நம் நாட்டு வீடுகளில் எரியும் பெட்ரோலிய வாயுவில் பாதிக்கு மேல் கடல் கடந்து வருவது. அதில் பெரும்பங்கு வளைகுடா நாடுகளிலிருந்து வருவது. அங்கு போர்மேகம் சூழ்ந்தால் இங்கு அடுப்பின் விலை ஏறுகிறது. இணைப்புப் பெற்ற ஏழைக் குடும்பங்கள் பல, மறு உருளை வாங்க இயலாமல், விருந்தினர் வரும் நாளுக்கென்று உருளையைக் காத்துவைத்துவிட்டு அன்றாடச் சமையலுக்கு மீண்டும் சுள்ளியைத் தேடுகின்றன. ஊதுகுழல் இன்னும் பரணேறவில்லை.

2018இல் நடுவணரசு வேறொரு வழியைத் தொடங்கியது. சாணம், கரும்பாலைக் கழிவு, நகரக் குப்பை ஆகியவற்றிலிருந்து பெருமளவில் வாயு எடுத்து, கரியமில வாயுவைப் பிரித்துவிட்டு, அழுத்தி அடைத்து ஊர்திகளுக்கு விற்பது அத்திட்டம். ஐயாயிரம் ஆலைகள் என்று இலக்கு வைத்தனர். குறித்த ஆண்டு வந்தபோது நிறைவேறியிருந்தது அதில் மிகச் சிறு பங்கே. பரந்து கிடக்கும் வைக்கோலையும் சாணத்தையும் ஓரிடத்திற்குச் சுமந்து வரும் செலவே அதன் முதற்பகை. பூராவில் கூடை சுமந்த சிறுமியின் வேலையை இங்கு லாரி செய்ய வேண்டியிருக்கிறது. லாரிக்கு டீசல் வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், "நம் வீட்டில் கலம் அமைக்கலாமா, கூடாதா?" என்று வாசகர் எவரேனும் கேட்கக்கூடும். தொழுவத்தில் கட்டித் தீனி தின்னும் மாடுகள் நான்கைந்து இருந்து, நீர் வற்றாத கிணறும் இருந்தால், அமைப்பதில் நட்டமில்லை என்பதே நம் கருத்து. பால் மாடு வளர்ப்போர், மாணவர் விடுதிகள், மாட்டுப் பண்ணையுள்ள துறவற இல்லங்கள் ஆகியோர்க்கு இது மிகவும் பொருந்தும். கட்டுமுன் அக்கொத்தனார் முன்பு கட்டிய கலம் ஒன்றை நேரில் சென்று பார்த்து, அது ஐந்தாண்டுக்குப் பின்னும் எரிகிறதா என்று அவ்வீட்டுப் பெண்ணிடம் கேட்க வேண்டும், ஆணிடம் அன்று. பெட்ரோலிய வாயு அடுப்பை அப்படியே மாட்டினால் சுடர் நிலைக்காது. இதற்கென அகன்ற துளையுள்ள அடுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் வாயு வரப் பல வாரங்கள் ஆகலாம். எரியும் கலம் ஒன்றிலிருந்து சில குடம் பழங்கரைசல் கொணர்ந்து ஊற்றினால், பாலுக்கு உறை ஊற்றியது போல், அக்காலம் குறையும். சாணத்தோடு வைக்கோலும் மண்ணும் சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

வெளிவரும் கரைசலை வீணாக்கலாகாது. வறட்டியாகத் தட்டி எரித்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. கலத்தில் செரித்தால் அது ஏறத்தாழ முழுமையும் எருவில் தங்கிவிடுகிறது. அதில் ஈ மொய்ப்பது குறைவு; களைவிதைகளும் பெரும்பாலும் முளைப்பதில்லை. எம் உறவினர் வீட்டுத் தொட்டி துருப்பிடித்து நின்ற ஆண்டில் அடுப்பைப் பற்றி வீட்டார் அதிகம் வருந்தவில்லை. மண்ணெண்ணெய் வாங்கிச் சமாளித்தார்கள். கொல்லை வாழை மெலிந்துபோனதைத்தான் அவ்வீட்டுப் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.